லேபிளில் ஹிஸ்டமின் அளவையும் போடுங்கள்

பீர் ஆலைகளை நடத்துகிறவர்களுக்கும், அங்கே தரக்கட்டுப்பாட்டைக் கவனிக்கிறவர்களுக்கும் வணக்கம்.

ஒரு கிளாஸ் பீர் உள்ளே போனதும் முகம் சிவந்து, மூக்கு அடைத்து, தலை இடித்து, நெஞ்சு படபடக்கும் ஆட்களில் நானும் ஒருத்தி. போதை ஏறுகிற அளவே இல்லை. "குடி உனக்கு ஒத்துக்கொள்ளாது, விட்டுவிடு" என்று சுற்றியிருப்பவர்கள் சொல்கிறார்கள். ஆனால் ஒரு பீர் ஒன்றும் செய்வதில்லை, இன்னொன்று ராத்திரி முழுக்கப் படுத்துகிறது. காரணம் ஹிஸ்டமின் என்றே சந்தேகிக்கிறேன்: அலர்ஜி வரும்போது நம் உடம்பே சுரக்கிற, முகத்தைச் சிவக்கவைத்து மூக்கை அடைக்கிற அந்தப் பொருள் சில உணவுகளிலும் பீரிலும் உண்டு. அந்த வித்தியாசம் எங்கே உண்டாகிறது என்பது எங்களைவிட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

மால்ட்டிலிருந்து, அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லியிலிருந்து, ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் வருகிறது. சில பாக்டீரியாக்கள், முக்கியமாக லாக்டிக் அமில பாக்டீரியாக்களில் சில வகைகள், அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடுகின்றன. ஈஸ்ட்டுக்கு இதில் பங்கு குறைவு. காற்றிலும் மரப்பீப்பாயிலும் இருக்கும் நுண்ணுயிர்களை நம்பி நொதிக்கவிடும் லாம்பிக் போன்ற பீர்களில் இது சேர்வது அந்த முறையின் இயல்பு. அதை நான் குறையாகச் சொல்லவில்லை, குடிப்பவருக்குச் சொல்லிவிடுங்கள் என்றுதான் கேட்கிறேன். சாதாரண லாகரில் ஹிஸ்டமின் ஏறியிருந்தால் எங்கோ சுத்தம் தவறியிருக்கிறது என்ற சந்தேகம் வரத்தான் செய்யும். ஒரே ஈஸ்ட்டைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும்போது வேண்டாத பாக்டீரியாவும் கூடவே ஒட்டிக்கொண்டு வருகிறது. ஈஸ்ட்டை அமிலத்தில் கழுவிவிட்டுப் போடும் வழக்கம் உங்களில் பலரிடம் உண்டு. தயவுசெய்து அதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

பாஸ்டரைஸ் செய்கிறோமே என்பீர்கள். அது பாக்டீரியாவைக் கொல்லும், அதற்கு முன்பே உண்டாகிவிட்ட ஹிஸ்டமினை ஒன்றும் செய்யாது. கொதிக்கவைத்தாலும் போகாத பொருள் அது. ஆல்கஹாலை மட்டும் பிரித்தெடுத்த பீரிலும் அது அப்படியே தங்கிவிடும்.

சாப்பாட்டில் வரும் ஹிஸ்டமினைக் குடலில் உடைப்பது டயமின் ஆக்சிடேஸ் என்ற என்சைம். எங்களைப் போன்றவர்களுக்கு அது போதிய அளவு வேலை செய்வதில்லை என்பதுதான் இப்போதைய விளக்கம். பீரில் சிக்கல் இரட்டிப்பாகிறது. ஆல்கஹால் அதே என்சைமின் வேகத்தைக் குறைக்கிறது. பீரிலேயே இருக்கும் ஹிஸ்டமினின் இனத்தைச் சேர்ந்த, புட்ரெசின் போன்ற வேறு அமீன்களும் அதே என்சைமுக்காகப் போட்டி போடுகின்றன. அதனால் கொஞ்சம் ஹிஸ்டமின்கூட எங்களுக்கு அதிகமாகிவிடுகிறது.

முகம் சிவப்பதெல்லாம் ஹிஸ்டமினால்தான் என்று நான் சாதிக்கவில்லை. ஆல்கஹால் உடம்பில் சிதையும்போது உண்டாகும் அசிட்டால்டிஹைடை உடைக்கும் என்சைமின் மரபணுவில் மாற்றம் உள்ளவர்களுக்கும் முகம் சிவக்கும். ஹிஸ்டமின் ஒத்துக்கொள்ளாததை உறுதிசெய்ய நம்பகமான ரத்தப் பரிசோதனையும் இல்லை. சந்தேகமான உணவுகளைச் சில வாரங்கள் நிறுத்தி, அப்புறம் ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்ப்பதுதான் வழி. எதில் எவ்வளவு இருக்கிறது என்றே தெரியாமல் எதை வைத்துச் சோதித்துப் பார்ப்பது? அதற்குத்தான் ஹிஸ்டமின் அளவை நீங்கள் சொல்ல வேண்டும். அளவு தெரியாததால் சிலர் அலர்ஜி மாத்திரையைப் போட்டுக்கொண்டு குடிக்கிறார்கள். பழைய வகை மாத்திரைகளோடு ஆல்கஹால் சேர்ந்தால் மயக்கமும் தூக்கமும் கூடும், அது ஆபத்து.

ஐரோப்பிய ஒன்றியத்தில் லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் சல்பைட் இருந்தால் லேபிளில் சொல்லியாக வேண்டும். குளூட்டன் இல்லாதது என்று போட வேண்டுமானால் கிலோவுக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. மீனில் ஹிஸ்டமினுக்கும் அங்கே உச்சவரம்பு உண்டு. கெட்டுப்போன மீனில் சேரும் அளவு பீரில் வராது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த வரம்பு எல்லோரையும் விஷமாகத் தாக்கும் அளவை மனதில் வைத்துப் போட்டது. எங்களுக்கு அதைவிட மிகக் குறைவானதே போதும்.

திரவத்தில் கலந்திருக்கும் பொருட்களைப் பிரித்து அளக்கும் ஹெச்பிஎல்சி கருவி பெரிய ஆலைகளின் ஆய்வகங்களில் ஏற்கெனவே இருக்கிறது. சின்ன ஆலைகள் மாதிரியை வெளியே அனுப்பிச் சோதிக்கலாம். 'ஹிஸ்டமின் இல்லாதது' என்ற விளம்பர வாசகம் வேண்டாம். லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று போடுங்கள். ஒவ்வொரு தொகுதிக்கும் அளவு மாறும் என்றால், நீங்கள் அளந்ததிலேயே அதிகமான எண்ணைப் போடுங்கள். லேபிளில் இடம் இல்லையென்றால் தொகுதி எண்ணைச் சொல்லிக் கேட்பவர்களுக்காவது பதில் கொடுங்கள்.