மெழுகுப் புழுவும் நீயும்

அன்பு மகளுக்கு,

அம்மாவும் நானும் நலம். ரப்பர் தளிர்விட்டுவிட்டது. தேனீப் பெட்டிகளைத் தோட்டத்துக்கு மாற்றியாயிற்று.

ஒன்றை மட்டும் மாற்றவில்லை. நேற்று அதைத் திறந்தால், அடை முழுக்க நூலாம்படை, கறுப்புப் பொடி, நடுவே கொழுத்த வெள்ளை மெழுகுப் புழுக்கள். தேனீக்கள் என்றைக்கோ கூட்டை விட்டுப் பறந்துவிட்டன. வழக்கமாக அப்படியே நெருப்பில் போட்டுவிடுவேன். நேற்று உன் நினைப்பு வந்து கை நின்றது.

"இந்தப் புழுவைத்தான் அப்பா, நான் காசு கொடுத்து வாங்குகிறேன்" என்று நீ சொன்னபோது சிரித்துவிட்டேன். முப்பது வருடமாக நான் எரிக்கிற பூச்சிக்கு நோய்க்கிருமியை ஊசியில் ஏற்றிப் பார்க்கவா இத்தனை படிப்பு என்று கேட்டது தப்புதான். நீ அனுப்பிய கட்டுரைகளை உன் தம்பியை உட்காரவைத்துத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

கிருமி ஏற்றிய புழுவை 37 டிகிரியில் வைக்கலாம் என்றதும் எனக்குப் பிடிபட்டுவிட்டது. குஞ்சுகள் இருக்கும் அடையைத் தேனீக்கள் 35 டிகிரியை ஒட்டியே காக்கும். அந்தச் சூட்டில் கொழுக்கிற புழுவுக்கு மனித உடம்பின் சூடு ஒரு பொருட்டா? ஆய்வகங்களில் பிரபலமான அந்த ஒரு மில்லிமீட்டர் வட்டப்புழு 37 டிகிரியில் தாங்காதாமே. உடம்புச் சூடு பட்ட பிறகுதான் சில கிருமிகள் ஆயுதத்தை எடுக்கின்றன என்றால், அந்தச் சூட்டில் வைத்துப் பார்ப்பதுதான் நியாயம்.

அடையைச் சீவும்போது கத்தி பட்ட புழு அந்த இடத்தில் கறுத்துப்போவதை எத்தனையோ முறை கண்டிருக்கிறேன். அழுகல் என்றே நினைத்திருந்தேன். அது மெலனின் என்ற கறுப்பு நிறமி, புழு எதிர்த்து நிற்பதன் அடையாளம் என்று இந்த வயதில் தெரிந்துகொள்கிறேன். கிருமியை விழுங்கும் அணுக்களும் அதற்கு உண்டாம், நம் வெள்ளையணுக்களைப் போலவே.

சித்தப்பாவின் தீப்புண்ணில் பச்சையாகச் சீழ் வந்ததே, நினைவிருக்கிறதா? நீ ஆராயும் சூடோமோனாஸ் அப்படித்தான் நிறம் காட்டும் என்று தம்பி சொன்னபோது சற்று நேரம் எனக்குப் பேச்சு வரவில்லை. அதே கிருமி செடியின் இலையை அழுகவைக்கவும் தீக்காயம் பட்ட எலியைக் கொல்லவும் சில கருவிகளைப் பொதுவாகவே பயன்படுத்துகிறது என்று அமெரிக்க ஆய்வாளர் ஆசுபெல் குழுவினர் 1995இல் காட்டினார்களாம். பிறகு 2000இல் நம் மெழுகுப் புழுவுக்கும் வந்தார்கள். ஒரு மரபணுவைக் கெடுத்த கிருமியைச் செலுத்தியும் புழு பிழைத்தால், அந்த மரபணுவுக்குக் கொலையில் பங்குண்டு. புழுவிடம் வலுவிழந்த கிருமிகள் பெரும்பாலும் எலியிடமும் வலுவிழந்தனவாம். அத்தனை எலிகளைக் கொல்லாமல் முதல் சல்லடையைப் புழுவிலேயே போட்டுவிடலாம். இது எனக்குச் சம்மதம்.

ஒரு வழக்கு மட்டும் பாக்கி. ஒரே பெட்டியில் எடுத்த புழுக்களே ஒன்றுபோல் இருக்காது. குஞ்சு பொரித்துப் பொரித்துக் கறுத்த பழைய அடையில் வளர்ந்தது கொழுக்கும். புது வெள்ளை அடையில் வளர்ந்தது சவலையாகத்தான் நிற்கும். தூண்டில் கடையில் நீ வாங்கும் புழு எதைத் தின்றது, தீவனத்தில் மருந்து ஏதும் கலந்திருந்ததா என்று கேட்டாயா? புழு பிழைத்தது கிருமியின் பலவீனத்தாலா, தீவனத்தின் பலத்தாலா? உப்புநீர் மட்டும் செலுத்திய பத்துப் புழுக்களைத் தனியாக வைக்கிறாய், சரிதான். அந்தப் பத்தும் கிருமி செலுத்திய புழுக்களும் ஒரே எடை, ஒரே தீவனமா என்றும் பார். நுரையீரல் இல்லாத பூச்சி நிமோனியாவைப் பற்றி எவ்வளவு சொல்லும் என்பதும் எனக்குப் புரியவில்லை. போனில் சொல்.

நேற்று எடுத்ததில் ஒரு அடையை மட்டும் மூடிபோட்ட டப்பாவில் வைத்திருக்கிறேன். சமையலறைப் பக்கம் கொண்டுவரக் கூடாது என்று அம்மா உத்தரவு. மற்றதையெல்லாம் எரித்துவிட்டேன், மற்றப் பெட்டிகளை நான் காப்பாற்ற வேண்டாமா?

அன்புடன்,
அப்பா