பந்தயத்தில் தோற்றவன் எழுதுவது

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
8.12.2024, ஞாயிறு

மச்சான் முருகையா,

தோற்றவன் மூன்று வாரமாக வாயைத் திறக்கவில்லை என்று நீ ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தது என் காதுக்கும் வந்துவிட்டது. சாப்பாட்டுக் காசுக்குப் பயந்து நான் ஒளியவில்லை. வீட்டில் நிலைமை அப்படி. போனில் சொன்னால் சின்னம்மா காதில் விழும். காது கேட்காது என்று பெயர்தானே தவிர, அவரைப் பற்றிப் பேசினால் மட்டும் மூன்றாவது அறையிலிருந்து பதில் வரும். அதனால்தான் கடிதம்.

என் முட்டி அப்படியேதான் இருக்கிறது. மகள் ஜொகூரில் சுகம். உன் பேரனுக்கு முடி இறக்கியாச்சா? சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

செப்டம்பர் 24 இரவு நீ போன் பண்ணினாயே, நினைவிருக்கிறதா? அநுர குமார திசாநாயக்க முந்தின நாள்தான் இலங்கை ஜனாதிபதியாகப் பதவியேற்றிருந்தார். மறுநாள் இரவே வர்த்தமானி, அதாவது அரசிதழ் அறிவிப்பு, போட்டு நாடாளுமன்றத்தைக் கலைத்து, நவம்பர் 14-க்குத் தேர்தல் என்று அறிவித்துவிட்டார். "நம்ம நாட்டுல பிரதமர் அரண்மனைக்கு நடையா நடக்கணும், அங்க பாரு, ஒரே கையெழுத்து" என்று நீ வியந்தாய். வியக்க என்ன இருக்கிறது? 225 பேர் கொண்ட சபையில் அவருடைய திசைகாட்டிச் சின்னத்து ஆட்கள் மூன்றே பேர். அந்த சபையை வைத்துக்கொண்டு அந்த மனிதர் என்ன செய்வார்? இதெல்லாம் சரியாகத்தான் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "கொழும்பில் அடிக்கட்டும், யாழ்ப்பாணத்தில் திசைகாட்டிக்கு ஒரு சீட்டும் கிடைக்காது" என்றேன். ஒரு சீட்டுக்கு ஒரு வாழையிலைச் சாப்பாடு என்றாய். தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணியின் பேரன் வாய் சும்மா இருக்குமா, மீன் தலையோடு தருகிறேன் என்று நானே ஏற்றிவிட்டேன்.

இலங்கைத் தேர்தல் என்றாலே எனக்கு நேரம் சரியில்லை. 2018-இல் அப்போதைய ஜனாதிபதி சிறிசேன நவம்பர் 9 அன்று நாடாளுமன்றத்தைக் கலைத்து, 2019 ஜனவரி 5-இல் தேர்தல் என்றார். நான் அவசர அவசரமாக டிக்கெட் எடுத்தேன். நாலரை வருஷம் முடியாமல் கலைக்க முடியாது என்று டிசம்பர் 13 அன்று ஏழு நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். தேர்தல் போச்சு, டிக்கெட் காசும் போச்சு. இப்போது சட்டம் மாறி இரண்டரை வருஷம் ஆனாலே கலைக்கலாம். பழைய சபை 2020 ஆகஸ்ட்டில் வந்தது, ஆகவே இந்தத் தடவை வழக்குக்கு இடமில்லை. ஆனாலும் நான் டிக்கெட் எடுக்கவில்லை. அந்த அளவுக்காவது புத்தி வந்திருக்கிறது.

14-ஆம் தேதி இரவைப் பற்றிச் சொல்கிறேன் கேள். அங்கே நாலு மணிக்கு வாக்களிப்பு முடிந்தால் நமக்கு ஆறரை. சின்னம்மா ஆறு மணிக்கே குளித்து, திருநீறு பூசி, சித்தப்பாவின் பேரேட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். செந்தூல் ரயில்வே பட்டறைக் காலத்துப் பேரேடு அது. 1977 தொடங்கி ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒரு பக்கம். அடிமட்டம் வைத்துக் கட்டம் போட்டு, வீடு, சைக்கிள், டெலிபோன், சிலிண்டர், மொட்டு என்று கட்சிச் சின்னங்களைத் தலைப்பாக எழுதியிருந்தார். கடைசியில் ஒல்லியாக ஒரு கட்டம், 'இதர'.

"திசைகாட்டி எங்கே சின்னம்மா?"

"உதிலதான் வரும்" என்று பென்சிலால் இதரவைத் தட்டினார்.

நான் சோபாவிலேயே தூங்கிப்போனேன். விடிந்து எழுந்து பார்த்தால் அவர் கண்ணாடியைக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்திருக்கிறார். இதரக் கட்டத்தில் இடம் போதாமல் எண்கள் ஓரத்துக்கு வழிந்து, பேரேட்டின் தையல்வரை போயிருந்தன. எழுத்து மட்டும் முத்து முத்தாக.

159 இடம் மச்சான். மூன்றில் இரண்டுக்கு 150 போதும். 22 மாவட்டத்தில் 21 அவர்களுக்கு. மட்டக்களப்பு மட்டும் தமிழரசுக் கட்சியின் வீட்டோடு நின்றது. யாழ்ப்பாணத்தில் ஆறு இடத்தில் மூன்று திசைகாட்டிக்கு. வீட்டுக்கு ஒன்று, சைக்கிளுக்கு ஒன்று, ஒரு சுயேச்சைக்கு ஒன்று. வீட்டின் பெரிய தலை சுமந்திரனே தோற்றுவிட்டார். உனக்கு மூன்று மீன் தலை.

ஆனால் ஒன்று, அலை அடித்தது, யாழ்ப்பாணமே சிவப்பாகிவிட்டது என்று நீ அனுப்பிய மீம்ஸை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கணக்கைப் பார். திசைகாட்டிக்கு 80,830 வாக்கு, வீட்டுக்கு 63,327. போட்ட வாக்கில் கால்வாசிதான் திசைகாட்டிக்கு, கிடைத்ததோ பாதி இடம். மாவட்டத்தில் முதலில் வருகிற கட்சிக்குப் போனஸாக ஓர் இடம் போய்விடும். ஐந்து சதவீதத்துக்குக் கீழே எடுத்தவர்களின் வாக்கு கணக்கிலேயே சேராது. மீதி ஐந்து இடத்தைத்தான் பங்கு போடுவார்கள். ஆறு இடத்துக்கு நாற்பதுக்கும் மேற்பட்ட கட்சிகளும் குழுக்களும் கேட்டால் வேறு என்ன ஆகும்? இதையெல்லாம் நான் கால்குலேட்டரில் தட்டிக்கொண்டிருந்தபோது சின்னம்மா ஒரே வரியில் முடித்துவிட்டார்: "எங்கட வீட்டை நாங்களே பிரிச்சுப் போட்டம்."

அதற்காக அந்த மூன்றும் சும்மா விழுந்தது என்று சொல்லவில்லை. செப்டம்பரில் அதே யாழ்ப்பாணத்தில் அநுரவுக்கு விழுந்தது 27,000 சொச்சம். ஏழு வாரத்தில் 80,000. யாரோ மனது மாறியிருக்கிறார்கள். அந்த யாரோவில் ஒருவன் எங்கள் வீட்டுப் பிள்ளை என்பதுதான் பிரச்சினையே.

சாவகச்சேரியில் சின்னம்மாவின் அண்ணன் பேரன் இருக்கிறானே, 26 வயது, மோட்டார் சைக்கிள் ரிப்பேர் கடை வைத்திருக்கிறவன். அன்று காலையே வாட்ஸ்அப்பில் கூப்பிட்டு, "நீ எதுக்கடா புள்ளடி போட்டனி?" என்றார். பயல் பொய் சொல்லியிருக்கலாம். "திசைகாட்டிக்கு ஆச்சி. வீடு இருக்குது, அதுக்கு வாற றோட்டைத்தான் காணேல்லை" என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சின்னம்மா போனை என் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போனார். அன்றிலிருந்து அவனோடு பேச்சில்லை. சிரித்ததற்காக என்னோடும் இரண்டு நாள் இல்லை.

மூன்றாம் நாள் கோபம் தணிந்தது என்று நினைத்தேன். இட்லித் தட்டை வைத்தபோது மெதுவாகக் கேட்டார்: "தம்பி, உள்ளூராட்சித் தேர்தல் எப்ப வரும்? விதானையாரைக் கண்டு என்ர பேரைப் பதியலாமோ?"

விதானையார் என்றால் அங்கே கிராம அதிகாரி. எனக்கு அப்போதுதான் உறைத்தது, மச்சான். 1956-இல் பினாங்குத் துறைமுகத்தில் அவர் கல்யாணப் பெண்ணாக வந்து இறங்கியபோது வயது 19. இலங்கையில் அப்போது வாக்குரிமைக்கு 21 ஆக வேண்டும். இங்கே இன்றுவரை சிவப்பு ஐசி, நிரந்தரவாசிதான், குடியுரிமை இல்லை. மூன்று தடவை மனு போட்டோம். ஒரு தடவை பத்திரம் போதவில்லை என்றார்கள், ஒரு தடவை பதிலே இல்லை, மூன்றாவதை நினைக்கவே வேண்டாம். 2022-இல் கொட்டும் மழையில் நாமெல்லாம் வாக்களிக்க வரிசையில் நின்றோமே, அன்றும் அவர் வாசலில் நின்று குடையைக் கையில் கொடுத்து அனுப்பியதோடு சரி. தமிழரசுக் கட்சியைத் தொடங்கிய தந்தை செல்வா ஈப்போவில் பிறந்தவர் என்பதை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்லுகிற மனுஷி, 87 வயதில் இன்னும் ஒரு வாக்குச்சீட்டைத் தொட்டதில்லை. எனக்கு இது தெரியாத விஷயமா? தெரியும். ஆனால் ஒருநாளும் யோசித்ததில்லை.

தேர்தலுக்கு முன்னால் மாதிரி வாக்குச்சீட்டு ஒன்றைப் பயல் படம் எடுத்து அனுப்பியிருந்தான். கடையில் அச்செடுத்தால் ஒரு தாளில் அடங்கவில்லை, இரண்டை ஒட்டிக் கொடுத்தார்கள். அதில் வீட்டுக்கு நேரே புள்ளடி போட்டு, நாலாக மடித்து, முருகன் படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறார். விளக்கேற்றும்போது இன்றும் பார்த்தேன்.

இப்போது பிடிவாதம் ஒன்றுதான்: ஊருக்குப் போக வேண்டும், பதிய வேண்டும். பாஸ்போர்ட் காலாவதியாகி எத்தனையோ வருஷம். மாடிப்படி இறங்கவே என் தோள் வேண்டும். "யார் வீட்டில் தங்குவீர்கள்? அவனோடுதான் பேச்சில்லையே" என்று கேட்டால், "அது என்ர அண்ணன்ர வீடு. அவனை ஆர் கேட்டது?" என்கிறார். என் மனைவி இது பைத்தியம் என்கிறாள். நானும் அதைத்தான் சொன்னேன். ஆனால் நேற்று இரவு டிக்கெட் விலை பார்த்தேன் என்பதை உனக்கு மட்டும் சொல்கிறேன்.

இன்னொன்று. உன் தாத்தா ரப்பருக்கு இங்கே வந்தபோது அவருடைய அண்ணன் தேயிலைக்கு அட்டன் பக்கம் போனார் அல்லவா? 1948-இல் இலங்கையில் குடியுரிமை பறிபோன தோட்டத் தமிழர் கூட்டத்தில் அந்தக் குடும்பமும் இருந்திருக்கும். இந்தத் தேர்தலில் பதுளையில் அம்பிகா சாமுவேல், நுவரெலியாவில் கலைச்செல்வி என்று இரண்டு மலையகத் தமிழ்ப் பெண்கள் வென்றிருக்கிறார்கள், மக்கள் வாக்கில் வென்ற முதல் மலையகப் பெண்கள். இரண்டு பேரும் திசைகாட்டிதான். சின்னம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் பேரேட்டை எடுத்து, இதரக் கட்டத்துக்குப் பக்கத்தில் இரண்டு பெயரையும் எழுதிவைத்தார். "முருகையாவுக்குச் சொல்லு" என்றார். சொல்லிவிட்டேன்.

அவர் உன் பேச்சை மட்டும்தான் கேட்பார். நீ 'கிராணியம்மா' என்று கூப்பிட்டால் அவருக்கு எங்கிருந்துதான் அந்தச் சிரிப்பு வருமோ! பொங்கலுக்கு முன்னால் ஒரு நடை வா. போக வேண்டாம் என்று சொல்ல வருகிறாயா, போகலாம் என்று சொல்ல வருகிறாயா என்பதை வரும் வழியில் முடிவு செய்துகொள், எனக்கு எதுவும் தெரியவில்லை. மூன்று மீன் தலையையும் ஒரே நாளில் தின்னப் பார்க்காதே, உனக்குச் சர்க்கரை இருக்கிறது. வரும்போது ஜாதிக்காய் ஊறல் ஒரு பாட்டில் வாங்கி வா. சீனி போட்டதை வாங்கிவிடாதே, போன தடவை அவர் கொடுத்த திட்டு உனக்கல்ல, எனக்கு.

சிவா