அடுப்பை அளந்து பார்த்தவள்

அன்புள்ள கற்பகம்,

தீபாவளிக்கு நீ எழுதியதற்கு இப்போதுதான் பதில் போடுகிறேன். திட்டுவதாக இருந்தால் முழுசாகப் படித்துவிட்டுத் திட்டு. இங்கே எல்லாரும் நலம், அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, அவருக்கு மறுபடியும் நைட் ஷிஃப்ட். உன் பையனைப் பிளஸ் டூ, பிளஸ் டூ என்று போட்டு வறுக்காதே. பிளஸ் டூவில் கணக்குப் பரீட்சைக்கு முதல் நாள் நீ எங்கே இருந்தாய் என்று எனக்குத் தெரியும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ராத்திரி தூங்கும் முன் யாழினிக்கு டெர்ரி பிராட்செட் எழுதிய 'தி வீ ஃப்ரீ மென்' வாசித்துக்கொண்டிருக்கிறேன். 2003-இல் வந்த புத்தகம். வாசிக்க வாசிக்கத் தமிழில் சொல்லிக்கொண்டே போவேன். டிஃபனி என்று ஒன்பது வயதுப் பெண், ஆடு வளர்க்கிற குடும்பம். ஆற்றில் இருந்து எழும்பும் பூதத்துக்கு சூப் தட்டு அளவு கண் என்று எங்கோ படித்தால், உடனே போய் ஒரு சூப் தட்டை எடுத்து அளந்து பார்க்கிற பிள்ளை. எட்டு அங்குலம்! அந்த ஊரில் காட்டோரமாகத் தனியாக ஒரு கிழவி இருந்தாள். பல் போய்விட்டது, தனக்குத்தானே பேசிக்கொள்வாள், அவ்வளவுதான். பிரபுவின் மகன் காணாமல் போனதும் இவள்தான் சூனியக்காரி, அடுப்பில் போட்டுச் சமைத்துவிட்டாள் என்று ஊரே முடிவுகட்டி, அவள் புத்தகங்களை எரித்து, வயசான பூனையைக் கல்லால் அடித்துக் கொன்றுவிடுகிறது. யாரும் வீட்டுக்குள் சேர்க்கவில்லை. குளிரில் பனியில் செத்துப்போகிறாள். டிஃபனி மட்டும் போய் அந்த அடுப்பைப் பார்க்கிறாள். சின்ன அடுப்பு. அதில் ஒரு பையனை எப்படி வைப்பது? இனி இப்படி நடக்கக்கூடாது என்றுதான் அவள் சூனியக்காரி ஆக முடிவெடுக்கிறாள். இந்தக் கதையில் மந்திரம் என்பதே முதலில் அதுதான், கண்ணெதிரே நிஜமாக இருப்பதைப் பார்ப்பது.

இதை வாசித்ததும் யாழினி எழுந்து போய்விட்டாள். பார்த்தால் சமையலறையில், தையல் பெட்டியில் இருந்த இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு நம் கேக் ஓவன் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். "14 இஞ்ச்தாம்மா. என் தலையும் தோளும்கூடப் போகாது." நான் சிரித்தேன். அப்புறம் அவள் கேட்டாள், "நிஜமாகவே இப்படி யாரையாவது சொல்லியிருக்காங்களா?"

சேலம் பற்றிச் சொன்னேன், நம்ம சேலம் இல்லை, அமெரிக்காவில் இருக்கிற சேலம். 1692-இல் அங்கே சூனியம் வைத்தார்கள் என்று பழி சொல்லி 19 பேரைத் தூக்கில் போட்டார்கள். முதலில் வலிப்பு வந்து கையை நீட்டிய பிள்ளைகளில் ஒருத்தி பெட்டி பாரிஸ், பாதிரியார் மகள், அவளுக்கும் ஒன்பது வயது! ஒரு ஒன்பது வயது அளந்து பார்க்கிறது, இன்னொரு ஒன்பது வயது பெரியவர்கள் கேட்கிறதற்கெல்லாம் பெயர் சொல்கிறது. பிள்ளை மேல் எனக்குக் கோபம் வரவில்லை கற்பகம், கேட்டுக் கேட்டுப் பெயர் வாங்கிய பெரியவர்கள் மேல்தான் வருகிறது. அது பழங்கதை என்றும் சொல்ல முடியாது. ஜார்க்கண்டில் சுட்னி மஹதோ என்ற அம்மாவை 1995-இல் அதே பழி சொல்லி அடித்து விரட்டினார்கள். பிறகு அதே பழி விழுந்த எத்தனையோ பெண்களுக்கு அவர்தான் போய் நின்றார். 2021-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

யாழினி விடவில்லை. "உங்க ஊரில்?"

எனக்கு முருங்கை மரத்து ஆச்சி ஞாபகம் வந்துவிட்டாள்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தச் சுவர் ஓரமாக ஓடுவோமே. ஒரு நாள் சுவருக்கு மேல் கையை நீட்டி உனக்கு ரெண்டு முருங்கைக்காய் கொடுத்தாள். நீ வாங்கிவிட்டாய். சாக்கடையில் போடு, போடு என்று கத்தியது நான். நீ போட்டாய், அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். செல்வியின் தம்பிக்குக் காய்ச்சல் வந்தபோது செய்வினை வைத்துவிட்டாள் என்று தெருவே சொன்னதும், பால்காரர் அவள் வீட்டுக்குப் பால் ஊற்றுவதை நிறுத்தியதும் உனக்கு நினைவிருக்கிறதா? அவள் எப்போது போனாள், எங்கே போனாள், எனக்குத் தெரியவில்லை. வீடு பூட்டிக் கிடந்ததும் குளத்துக்குக் குறுக்கு வழி கிடைத்தது என்று சந்தோஷப்பட்டோம்.

எல்லாவற்றையும் யாழினியிடம் சொன்னேன், முருங்கைக்காயையும் சேர்த்து. "நீங்க யாராவது உள்ளே போய்ப் பார்த்தீங்களா?" என்று கேட்டாள். பிறகு, "அவங்க பேர் என்ன?"

அந்தத் தெருவில் பத்து வருஷம் இருந்திருக்கிறேன், பெயர் தெரியவில்லை. மூன்று நாளாக இதே நினைப்புதான். உன் அம்மாவுக்குத் தெரிந்திருக்கும், ரேஷன் கடை வரிசையில் அவளோடு பேசுகிற ஒரே ஆள் அவர்தானே. உட்காரவைத்துப் பொறுமையாகக் கேள். பெயர், சொந்தக்காரர் யாராவது இருந்தார்களா, எங்கே போனாள், எல்லாவற்றையும். கேட்டதும் உடனே எழுது, என்னை மாதிரி மாசக்கணக்கில் இழுக்காதே.

அன்புடன்,
தாரணி