பழைய ரிக் விற்பவர்களுக்கும் அதற்குச் சம்மதம் சொல்பவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

பயன்படுத்திய ஸ்கைடைவிங் ரிக்கை (பாராசூட்டுகளும் அவற்றை உடம்போடு பிணைக்கும் பட்டைகளும் சேர்ந்த முதுகுப் பொதியை) விற்கும்போது "5 அடி 9 அங்குலம், 75 கிலோ ஆளுக்குப் பொருந்தும்" என்று எழுதுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். அது உங்கள் உடம்பைப் பற்றிய தகவல். உடம்பைச் சுற்றிக் கட்டும் பட்டைகளான ஹார்னஸைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. ஒரே உயரமுள்ள இருவரில் ஒருவருக்குக் கால் நீளம், இன்னொருவருக்கு உடற்பகுதி நீளம். ஹார்னஸ் உட்காருவது உடற்பகுதியில்தான்.

விளம்பரத்தில் முதலில் வரவேண்டியது மெயின் லிஃப்ட் வெப்பின் நீளம், அதாவது முதன்மைப் பாராசூட்டான மெயினைத் தோளருகே பிணைக்கும் மூன்று வளையங்களான த்ரீ-ரிங்கிலிருந்து ஹார்னஸின் இடுப்பு மூட்டு (இடுப்பருகே பட்டைகள் சேரும் இடம்) வரை இறங்கும் பட்டையின் நீளம். எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளி வரை அளந்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். தயாரிப்பாளர்கள் எல்லோரும் ஒரே மாதிரி அளப்பதில்லை. ஒருவருடைய 18 இன்னொருவருடைய 18 ஆகாது. தயாரிப்பாளருக்கு வரிசை எண்ணை அனுப்பினால் முதலில் தைத்த அளவு பெரும்பாலும் கிடைத்துவிடும். பின்னால் யாராவது பிரித்துத் தைத்திருக்கலாம் என்பதால் டேப்பையும் ஒருமுறை வைத்துப் பாருங்கள். லேட்டரல் (இடுப்புப் பக்கப் பட்டை), தோள் யோக் (தோள்மேல் படியும் பகுதி), லெக் பேட் (தொடையைச் சுற்றும் மெத்தை) அளவுகளும் வேண்டும்.

வாங்குபவர் தன் பங்குக்குக் கழுத்தெலும்புக் குழியிலிருந்து கவட்டை வரை அளக்கவேண்டும். தடித்த புத்தகம் ஒன்றைக் கவட்டையில் அழுத்திப் பிடித்து, அதன் மேல் விளிம்பு வரை அளந்தால் பிழை குறையும். இந்த அளவைத் தயாரிப்பாளருக்கு அனுப்பி, இந்த உடம்புக்கு எந்த அளவில் தைப்பீர்கள் என்று கேட்டு, ரிக்கின் அளவோடு ஒப்பிடலாம். அரை அங்குல வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. 2 அங்குலம் என்றால் எந்தப் பக்கிளை இழுத்தும் மறைக்க முடியாது.

பலர் அதைத்தான் செய்யப் பார்க்கிறார்கள். மெயின் லிஃப்ட் வெப் நீளமாக இருந்தால் லெக் ஸ்ட்ராப்பை வெறியோடு இறுக்குகிறார்கள். தரையில் நிற்கும்போது பட்டை தோளில் படிந்ததுபோல் தெரியும். பாராசூட்டின் துணியான கேனபி திறந்ததும் உடல் எடை முழுவதும் லெக் ஸ்ட்ராப்புக்குப் போய்விடும். மேல் பாதி தோளை விட்டு எழும்பும். செஸ்ட் ஸ்ட்ராப் தொண்டைக்கு வரும், த்ரீ-ரிங் காதருகே நிற்கும், மெயினைக் கழற்றிவிடும் கட்டவே கைப்பிடியும், மாற்றுப் பாராசூட்டைத் திறக்கும் ரிசர்வ் கைப்பிடியும் மேலேறிவிடும். மெயின் பழுதாகிச் சுழலும்போது, தரையில் பழகிய இடத்தில் கை துழாவும்; கைப்பிடி அங்கே இருக்காது. எங்களுக்குக் கவலை தருவது இந்தப் பொருத்தமின்மைதான். பட்டை குட்டையாக இருந்தால் நிமிர்ந்து நிற்க முடியாது, கவட்டை வலிக்கும். அது தன்னை மறைத்துக்கொள்வதில்லை.

ஆகவே பணம் கைமாறும் முன் தொங்கவிட்டுப் பாருங்கள். மெயினைக் கழற்றிவிட்டு, உதிரி ரைசர்களை (கேனபியின் கயிறுகளை ஹார்னஸோடு இணைக்கும் பட்டைகளை) த்ரீ-ரிங்கில் முறையாக மாட்டி, ஆளின் எடையைச் சந்தேகமின்றித் தாங்கும் உத்தரத்தில் கட்டுங்கள். குதிக்கும்போது அணியும் அதே ஜம்ப்சூட், அதே காலணி. கால் தரையில் படக்கூடாது. பக்கத்தில் ஏறி நிற்க ஒரு படி இருக்கட்டும், அசையாமல் நெடுநேரம் தொங்குவது ரத்த ஓட்டத்துக்கு நல்லதல்ல. இப்போது செஸ்ட் ஸ்ட்ராப் நெஞ்சின் நடுவில் நிற்கிறதா, தோளுக்கும் பட்டைக்கும் இடையே எவ்வளவு வெளி, இடுப்பு மூட்டு இடுப்பெலும்பருகே இருக்கிறதா, முழங்காலை உயர்த்தி லெக் பேடில் உட்கார முடிகிறதா என்று பாருங்கள். வலக்கை கட்டவேயையும் இடக்கை ரிசர்வையும் கண்ணால் பார்த்து முழுதாகப் பற்றவேண்டும். பற்றினால் போதும், இழுக்கக்கூடாது. கட்டவேயை இழுத்தால் ஆள் தரையில் விழுவார்; ரிசர்வை இழுத்தால் ரிக்கர் (பாராசூட் மடிக்கவும் பழுதுபார்க்கவும் உரிமம் பெற்றவர்) மறுபடி மடித்து முத்திரையிட வேண்டியிருக்கும்.

லேட்டரலைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பாராசூட்டுகளை மடித்து வைக்கும் பையான கன்டெய்னரின் கீழ்ப்பகுதியை இடுப்போடு பிணைக்கும் இந்தப் பட்டைகள் நீளமானால் இடுப்புக்கும் கன்டெய்னருக்கும் நடுவே காற்று புகும், உட்கார்ந்த நிலையில் விழும் சிட்-ஃப்ளையில் ரிக் ஆடும், மெயினை வெளியே இழுக்கும் சிறு பாராசூட்டான பைலட் சூட்டின் கைப்பிடி இடம் மாறும். குட்டையானால் முன்பட்டைகள் பின்னுக்கு இழுபட்டு, கைப்பிடிகள் விலாப்பக்கம் போய்விடும். முதுகில் பஞ்சு வைத்துத் தைப்பது இரண்டுக்கும் மருந்தல்ல.

கன்டெய்னரின் நீளம் தனிக் கதை. அதைத் தீர்மானிப்பது கேனபியின் கன அளவு. குட்டையான உடம்பில் நீளக் கன்டெய்னர் பிட்டத்தின் கீழ் வரை இறங்கும். பைலட் சூட்டைத் தேடிக் கை அலையும். இதை யாராலும் தைத்துச் சரிசெய்ய முடியாது. வேறு ரிக் தேடச் சொல்லுங்கள்.

தேய்மானமும் பொருத்தத்தில் சேர்ந்ததுதான். லெக் ஸ்ட்ராப் துணி வழவழத்து மெலிந்திருந்தாலோ, பக்கிளின் பற்கள் மழுங்கியிருந்தாலோ, இறுக்கிய பட்டை திறப்பு அதிர்வில் நழுவும். தொங்கும்முன் பக்கிளை ஒட்டிப் பட்டையில் ஒரு நூலைக் கட்டிவிடுங்கள். கீழிறங்கியதும் நூல் நகர்ந்திருந்தால் வாங்கவேண்டாம். நகராவிட்டாலும் அது முழு உத்தரவாதம் ஆகாது, திறப்பின் விசை உடல் எடையைவிடப் பல மடங்கு. பட்டை நுனியின் மடித்துத் தைத்த முடிச்சு பிரிந்திருக்கிறதா என்றும் பாருங்கள், பட்டை முழுதாக உருவி வராமல் தடுப்பது அதுதான். உட்கார்ந்தும் தலைகீழாகவும் விழும் ஃப்ரீஃப்ளை செய்பவர் என்றால், லெக் ஸ்ட்ராப் முழங்கால் பக்கம் சறுக்காமல் இரண்டையும் பின்னால் இணைக்கும் பஞ்சி எலாஸ்டிக் உயிரோடு இருக்கிறதா என்றும்.

"வாங்கிக்கொள்ளுங்கள், பிறகு சுருக்கிக்கொள்ளலாம்" என்பவர்கள் அந்த வேலையையும் விவரியுங்கள். மெயின் லிஃப்ட் வெப்பை மாற்றத் தையலைப் பிரிக்கவேண்டும். பெரும்பாலும் புதுப் பட்டையே தேவைப்படும். தடித்த 5-கார்டு நூலில் கனரக ஹார்னஸ் இயந்திரம்தான் இதைத் தைக்கும், கன்டெய்னர் துணி தைக்கும் மெல்லிய இ-நூல் இயந்திரம் உதவாது. அமெரிக்க விதிப்படி சீனியர் ரிக்கர் உரிமம் இதற்குப் போதாது. மாஸ்டர் ரிக்கரோ தயாரிப்பாளரோ, ஒப்புதல் பெற்ற முறையில் செய்யவேண்டும். நீளம் மாறியதும் கட்டவே கேபிள், ரிப்கார்டு (ரிசர்வைத் திறக்கும் கம்பி), அவை ஓடும் குழாயான ஹவுசிங் எல்லாவற்றையும் திரும்ப அளக்கவேண்டும். பட்டையை நீட்டிவிட்டு ரிப்கார்டை அப்படியே விட்டால், திறப்பின்போது ஹார்னஸ் இழுபட, ரிசர்வை மூடிவைத்திருக்கும் ஊசியும் கூடவே இழுபடலாம்.

பயிற்றுநர்களே, மாணவர் ரிக்கில் மெயின் லிஃப்ட் வெப்பையே கூட்டிக் குறைக்கலாம். அதில் பழகியவர் எல்லா ரிக்கும் அப்படித்தான் என்று நம்பிக்கொண்டுதான் முதல் ரிக் வாங்க வருகிறார். கேனபி அளவைப் பற்றி அவரோடு அரைமணி நேரம் பேசுகிறீர்கள். அதே உட்காரலில் அவருடைய உடற்பகுதியையும் அளந்து, உங்கள் கையெழுத்தோடு ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். விற்பவர் அந்தத் தாளைப் பார்க்காமல் விலை பேசவேண்டாம்.

இப்படிக்கு,
ரிக் மடித்தும் தைத்தும் பழகிய சிலர்