காஸ்ட்லி மைக்கு எங்க வீட்டுக்கு செட் ஆகாது சார்

ஆசிரியர் சாருக்கு வணக்கம்,

வீட்லயே பாட்டு ரெக்கார்டு பண்றத பத்தி போன வாரம் உங்க பேப்பர்ல போட்டிருந்தீங்க, நல்லாதான் இருந்துச்சு, ஆனா பாட்டுக்கு ஸ்டுடியோல வெக்கற கண்டென்சர் மைக்குதான்னு அடிச்சு சொல்லிட்டீங்க பாருங்க, அதுக்குதான் இந்த லெட்டர். இதையேதான் போன வருஷம் ஒரு கடைக்காரரும் சொன்னாரு, நம்பி வாங்கி பட்டவன் நான்.

நாங்க இருக்கறது கொருக்குப்பேட்டை, பத்துக்கு பத்து ரூம், மேல ஆஸ்பெஸ்டாஸ் சீட்டு. பையன் கானா பாடுவான். ஸ்டுடியோவுக்கு மணிக்கணக்குல காசு குடுத்து கட்டுப்படி ஆகல, வீட்ல கம்ப்யூட்டர் சும்மாதான கிடக்கு, ஒரு மைக் வாங்கிட்டா போச்சுன்னு ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். மைக், ஸ்டாண்டு, ஸ்பாஞ்சு, ஒயர் எல்லாம் ஒரே டப்பால போட்டு குடுத்தாங்க. கம்ப்யூட்டர் பின்னாடி இருக்கற பிங்க் கலர் ஓட்டைல சொருகினா கெணத்துக்குள்ள இருந்து பேசற மாதிரி வருது. அப்புறம்தான் தெரிஞ்சுது, அந்த மைக்குக்கு 48 வோல்ட் பேன்டம் பவர், அதாவது மைக் ஒயர் வழியாவே போற கரண்ட், வேணுமாம், அந்த ஓட்டைல வர்றது ரெண்டு மூணு வோல்ட்டுதான்.

சரின்னு ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸும், அதான் அந்த கரண்ட குடுத்து மைக்க கம்ப்யூட்டரோட சேக்கற பொட்டி, வாங்கி மாட்டினேன். இப்போ சத்தம் வந்துச்சு சார், எல்லா சத்தமும் வந்துச்சு. ரயில்வே கேட்டு போட்டா ரெண்டு பக்கமும் அடிக்கற ஹாரன், கூட்ஸ் வண்டி, பக்கத்து வீட்டு குக்கர் விசில், எங்க ஃபேனோட டக் டக் எல்லாம் பையன் குரலோட சேந்து பாடுது. ஹெட்போன்ல கேட்டுட்டு அவன் சொல்றான், "இன்னா நைனா, இது மைக்கா இல்ல ஒட்டு கேக்கற மிஷினா?"

மைக் மேல தப்பு இல்ல. கண்டென்சர்ல இருக்கறது ரொம்ப மெல்லிசான தகடு, லேசா அசைஞ்சாலும் பிடிச்சுடும், சத்தம் அடைச்ச ரூம்ல அது தங்கம். டைனமிக் மைக்குன்னு இன்னொரு வகை இருக்கு, அது அப்படி இல்ல, உள்ள காந்தமும் காயிலும்தான், ஸ்பீக்கர திருப்பி போட்ட மாதிரி, பேன்டம் பவரும் வேணாம். 1966ல வந்த ஷூர் எஸ்எம்58ங்கற டைனமிக் மைக் இன்னைக்கும் மேடை மேடையா ஓடுதே, வாய்க்கு பக்கத்துல இருக்கறத நல்லா எடுக்கும், எட்ட இருக்கறத கண்டுக்காது, எங்க ஏரியாவுக்கு வேண்டியதே அதுதான். (அதுல டூப்ளிகேட் ஏகப்பட்டது சுத்துது, பாத்து வாங்கணும்.)

வியாசர்பாடில சவுண்ட் சர்வீஸ் வெச்சிருக்கற ஒருத்தர் வலை நசுங்கின பழைய டைனமிக் ஒன்னு குடுத்து உதவினாரு, அவர் சொன்னதுதான் மிச்சமும். வாய்க்கும் மைக்குக்கும் நாலு விரக்கடைதான் இருக்கணும், தூரம் ரெண்டு மடங்கு ஆனா குரல் 6 டெசிபெல் எறங்கிடும், ரூம் சத்தம் மட்டும் அப்படியே நிக்கும், அப்போ நீங்க கெயின, அதாவது மைக் சத்தத்த பெருசாக்கற திருக, ஏத்துவீங்க, கூட்ஸ் வண்டி சத்தமும் கூடவே ஏறும். கிட்ட பாடினா குரல் கனமா விழும், கானாவுக்கு சூப்பர், ஆனா ப வர்ற எடத்துல டப்புனு காத்து அடிக்கும், அதுக்கு மைக்க கொஞ்சம் சைடா திருப்பி வெச்சா போதும். மைக்கோட முதுகு ஜன்னல பாக்கணும். நாங்க ரஜாய கொண்டுபோய் மைக்குக்கு பின்னாடி கட்டி ஏமாந்தோம், கட்ட வேண்டியது பாடறவன் முதுகுக்கு பின்னாடி, ஏன்னா மைக் பாத்துட்டு இருக்கறது அந்த சுவத்ததான்.

செலவு பண்ணணும்னா இன்டர்ஃபேஸ்ல பண்ணுங்க, டைனமிக்குக்கு கெயின் நிறைய வேணும், மட்டமானதுல ஏத்தினா உஸ்ஸுனு இரையும். பாடறத கம்ப்யூட்டர் சுத்தி வராம நேரா ஹெட்போனுக்கு குடுக்கற டைரக்ட் மானிட்டர் பட்டன் இருக்கான்னும் பாருங்க, இல்லன்னா தன் குரலே ஹெட்போன்ல லேட்டா வந்து பாடறவன் தாளம் தப்பிடுவான்.

அந்த கண்டென்சர் இப்போ டப்பாவோட பீரோ மேல கிடக்கு. அடுத்த தடவ இத பத்தி போட்டா, மே மாசத்துல ஃபேன ஆஃப் பண்ணிட்டு ஆஸ்பெஸ்டாஸ் கீழ நின்னு பாடறவங்களுக்கும் ரெண்டு வரி எழுத சொல்லுங்க சார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கொருக்குப்பேட்டை, சென்னை.