அரசுக் கலைக் கல்லூரிகளில் குற்றவியல் நீதியும் தொடர்பியலும் இணைந்த இளநிலைப் பட்டப்படிப்பு தொடங்கக் கோரும் மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற காவல் சிறப்பு உதவி ஆய்வாளர்,
பாளையங்கோட்டை,
திருநெல்வேலி மாவட்டம்.

பெறுநர்:
அரசுச் செயலாளர் அவர்கள்,
உயர்கல்வித் துறை,
தலைமைச் செயலகம்,
சென்னை – 600 009.

பொருள்: தென்மாவட்ட அரசுக் கலை அறிவியல் கல்லூரிகளில் குற்றவியல் நீதியை முதன்மைப் பாடமாகவும் தொடர்பியலை (ஊடகப் படிப்பு) இணைப்பாடமாகவும் கொண்ட தமிழ்வழி இளநிலைப் பட்டப்படிப்பு தொடங்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். காவல் பணியில் பெரும்பகுதியை நான் நிலைய ரைட்டராக, அதாவது காவல் நிலையத்தின் எழுத்து வேலைகளைச் செய்பவராகக் கழித்தேன். புகார் கொடுக்க வருபவர் சொல்வதைக் கேட்டு எழுதுவது, புகார் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கொடுப்பது, எஃப்.ஐ.ஆர். என்னும் முதல் தகவல் அறிக்கை பதிவது, சம்பவ இடத்தில் எழுதும் மகஜர், வாக்குமூலம் என்று எல்லாம் தாளில்தான். வழக்கு நீதிமன்றத்தில் நிற்பதும் விழுவதும் பல நேரங்களில் இந்தத் தாள்களைப் பொறுத்தே அமைகிறது. சட்டப் பிரிவுகளைப் பயிற்சியில் கற்பித்தார்கள். ஆனால் அழுதுகொண்டே பேசுகிறவரிடம் எப்படிக் கேட்பது, அவர் சொன்னதை மாற்றாமல் எப்படி எழுதுவது என்பதைப் பழைய கோப்புகளைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டோம். நல்ல ரைட்டரிடம் பழகியவர் நன்றாக எழுதினார். அந்த வாய்ப்புக் கிடைக்காதவரின் எழுத்தால் பாதிக்கப்பட்டது பொதுமக்கள்.

போலீஸ் விசாரணையில் எழுதப்படும் வாக்குமூலத்தில் சாட்சியிடம் கையெழுத்து வாங்கக் கூடாது என்பது சட்டம். மிரட்டிக் கையெழுத்து வாங்குவதைத் தடுக்கும் நல்ல ஏற்பாடுதான் அது. ஆனால் அந்த எழுத்து சரியானதா என்பது எழுதியவரின் திறமையையும் நேர்மையையும் மட்டுமே நம்பியிருக்கிறது. கூண்டில் ஏறிச் சாட்சி சொல்வதும் தாளில் இருப்பதும் மாறுபட்டால், குறுக்கு விசாரணையில் பொய்யர் ஆக்கப்படுகிறவர் சாட்சிதான்; எழுதியவர் அல்ல. இந்த அநியாயத்தைப் பலமுறை நேரில் பார்த்த வேதனையில்தான் இம்மனுவை எழுதுகிறேன்.

2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் மாணவி ஒருவருக்கு இழைக்கப்பட்ட பாலியல் கொடுமை தாங்கள் அறிந்ததே. அந்த வழக்கின் எஃப்.ஐ.ஆர். வெளியே கசிந்து, அந்தப் பெண்ணின் விவரங்கள் பரவின. சென்னை உயர்நீதிமன்றம் அவருக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. எஃப்.ஐ.ஆர். எழுதப்பட்டிருந்த மொழியே பாதிக்கப்பட்டவரைக் குறைகூறுவதாக உள்ளது என்றும் நீதிபதிகள் கண்டித்தார்கள். ஒரே வழக்கில் எழுதிய விதமும் தவறு, அதைப் பரப்பிய விதமும் தவறு. முதலாவது குற்றவியல் நீதி படித்தவர்கள் திருத்த வேண்டியது, இரண்டாவது ஊடகம் படித்தவர்கள் திருத்த வேண்டியது என்று பிரித்துவைத்தால் இரண்டுமே திருந்தாது என்பது என் உறுதியான கருத்து.

சட்டமும் இந்தப் பக்கமாகத்தான் நகர்ந்திருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, சோதனையையும் கைப்பற்றுதலையும் ஒலி, ஒளிப் பதிவு செய்யச் சொல்கிறது. விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் புகார்தாரருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ 90 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும் என்கிறது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் குழந்தையின் வாக்குமூலத்தைக் குழந்தை சொன்னபடியே பதிய வேண்டும் என்கிறது; விசாரிக்கும் அதிகாரி சீருடையில் இருக்கக் கூடாது என்கிறது; குழந்தையை அடையாளம் காட்டும் எதையும் ஊடகங்கள் வெளியிடக் கூடாது என்றும் தடை விதிக்கிறது. கேமராவைப் பிடிக்கவும், குழந்தையிடம் பேசவும், குடும்பத்துக்குப் புரியும்படி ஒரு கடிதம் எழுதவும் தெரிந்தவர்கள் இனி நிலையங்களுக்கு வேண்டும்.

இதற்கான அறிவு நம் மாநிலத்தில் இல்லாமல் இல்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகளாகக் குற்றவியல் துறை இயங்குகிறது. எங்கள் ஊரை அடுத்த அபிஷேகப்பட்டியில், மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் ஒரே வளாகத்துக்குள் குற்றவியல் துறையும் தொடர்பியல் துறையும் இருக்கின்றன. இருந்தும் பிளஸ் டூ முடித்த கிராமத்துப் பிள்ளை இந்த இரண்டையும் சேர்த்து, குறைந்த கட்டணத்தில், தமிழில் படிக்க வழியில்லை. விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) படிக்க ஆசைப்படும் பிள்ளைகளும் எங்கள் பகுதியில் பெரும்பாலும் சுயநிதிப் பிரிவுகளுக்கே போகவேண்டியிருக்கிறது. அங்கே கட்டணம் கட்ட எல்லாராலும் முடியாது.

ஆகவே அபிஷேகப்பட்டி வளாகத்தின் அந்த இரு துறைகளையும் கொண்டு பாடத்திட்டம் தயாரித்து, முதற்கட்டமாகத் திருநெல்வேலி ராணி அண்ணா அரசு மகளிர் கல்லூரி, சுரண்டை காமராஜர் அரசு கலைக் கல்லூரி ஆகியவற்றில் இப்படிப்பைத் தொடங்க ஆணையிட வேண்டுகிறேன். மகளிர் கல்லூரியை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்கு வரும் பெண்ணிடம் பொறுமையாகக் கேட்டு எழுதத் தெரிந்த பெண்கள் நிறையத் தேவைப்படுகிறார்கள். அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயும் துணையாக இருக்கும்.

பாடத்திட்டம் பற்றி என் அனுபவத்தில் தோன்றியதைச் சொல்கிறேன். குற்றவியல் கோட்பாடுகளை நூலைப் பார்த்துப் பேராசிரியர்கள் நன்றாகவே நடத்துவார்கள். வாக்குமூலம் எழுதுதலைத் தனித்தாளாக வைத்து, செய்முறைத் தேர்வும் நடத்த வேண்டும். பேச வராதவர், காது கேளாதவர், வேறு மொழி பேசும் வெளிமாநிலத் தொழிலாளி ஆகியோரிடம் உரையாடும் முறையும் அதில் அடங்க வேண்டும். நீதிமன்றச் செய்தி எழுதுதல் இன்னொரு தாள். தீர்ப்பு வருமுன்பே விசாரணைக் கைதியைக் குற்றவாளி என்று தலைப்பிட்டுவிடும் பழக்கம் வகுப்பறையில்தான் மாற வேண்டும். மூன்றாம் ஆண்டில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலோ, இளைஞர் நீதிக் குழுமத்திலோ களப்பயிற்சி கட்டாயமாக இருக்க வேண்டும். பாதிக்கப்பட்டோரின் ரகசியம் காக்கும் உறுதிமொழி இல்லாமல் ஒரு மாணவரையும் அங்கே அனுப்பக் கூடாது.

பட்டம் கொடுத்துவிட்டு வேலைக்கு அலையவிடுவது பாவம். சிறை நலப் பணி, நன்னடத்தைக் கண்காணிப்பு, குழந்தைகள் பாதுகாப்பு, காவல் துறையின் ஊடகத் தொடர்பு ஆகிய பணிகளில் இப்பட்டத்தைத் தகுதியாகச் சேர்ப்பது குறித்து, முதல் அணி மாணவர்கள் சேரும் முன்பே, உரிய துறைகளுடன் கலந்து முடிவெடுக்க வேண்டுகிறேன். ஓய்வுபெற்ற ரைட்டர்கள், அரசு வழக்கறிஞர்கள், மூத்த செய்தியாளர்களைச் சிறப்பு விரிவுரையாளர்களாக அழைக்கலாம். என்னை அழைத்தால் ஊதியம் பெறாமல் வந்து வகுப்பெடுக்கத் தயாராக இருக்கிறேன்.

வரும் கல்வியாண்டின் மாணவர் சேர்க்கை அறிவிப்புக்கு முன் இம்மனுவைப் பரிசீலித்து, எடுத்த முடிவை எனக்கு எழுத்து மூலம் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
ஓய்வுபெற்ற காவல் சிறப்பு உதவி ஆய்வாளர்

இடம்: பாளையங்கோட்டை

நகல்: துணைவேந்தர், மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம், கல்லூரிக் கல்வி ஆணையர், சென்னை.