காய்ச்சல் மருந்துக்கு வயதைக் கேட்டால் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெரம்பூரில் மருந்தாளுநராகப் பணிபுரிகிறேன். வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் சென்னையில் வீட்டுக்கு வீடு காய்ச்சல் வருவதும், மாலை வேளைகளில் பாராசிட்டமால் சிரப் கேட்டு மருந்துக்கடைகளில் கூட்டம் நிற்பதும் வழக்கம். “மூணு வயசுப் பையனுக்குக் காய்ச்சல், மருந்து கொடுங்க” என்று பெற்றோர் கேட்கிறார்கள்; பல கடைகளில் அந்த வயதை மட்டும் வைத்தே பாட்டிலை எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். குழந்தையின் எடை என்ன என்ற கேள்வி எழுவதே இல்லை.

இம்மருந்தைக் குழந்தைகளுக்கு ஒரு வேளைக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் வரை கொடுக்கலாம். இரு வேளைகளுக்கு இடையில் நான்கு முதல் ஆறு மணி நேரம் இருக்க வேண்டும். 24 மணி நேரத்தில் நான்கு வேளைக்கு மேல் கூடாது. மூன்று வயதில் 10 கிலோ உள்ள மெலிந்த குழந்தையும் உண்டு, 16 கிலோ உள்ள குழந்தையும் உண்டு. முதல் குழந்தைக்கு 150 மில்லிகிராமே உச்ச அளவு. இரண்டாவது குழந்தைக்கு 240 வரை கொடுக்கலாம். வயதை மட்டும் கேட்டுக் கொடுத்தால், ஒரு குழந்தைக்கு அளவு மீறும், இன்னொன்றுக்குக் காய்ச்சலே இறங்காது. இறங்கவில்லையே என்ற பதற்றத்தில்தான் இரண்டு மணி நேரத்தில் மறுபடி ஒரு மூடி ஊற்றுகிறார்கள்.

இதைவிடப் பெரிய சிக்கல் பாட்டிலில் இருக்கிறது. 5 மில்லியில் 120 அல்லது 125 மில்லிகிராம் உள்ள சிரப், அதே 5 மில்லியில் 250 உள்ள சிரப், ஒரே மில்லியில் 100 மில்லிகிராம் அடங்கிய டிராப்ஸ் ஆகிய எல்லாமே கடையில் ஒரே தட்டில் நிற்கின்றன. சென்ற மழைக்காலத்தில் ஒரு பாட்டியம்மா மஞ்சப்பையிலிருந்து இரண்டு பாட்டில்களை எடுத்து மேசைமேல் வைத்து, பேத்திக்கு எதைக் கொடுப்பது என்று கேட்டார். ஒன்று பெரிய பேரனுக்கு வாங்கிய சிரப். மற்றொன்று டிராப்ஸ், அதன் உறிஞ்சுகுழாய் தொலைந்துபோயிருந்தது. சிரப்பின் மூடியிலேயே 5 மில்லி கோடு வரை டிராப்ஸை ஊற்றிக் கொடுக்கலாம் என்பது அவர் எண்ணம். குழந்தையின் எடை 7 கிலோ. அதற்கு ஒரு மில்லி டிராப்ஸே உச்ச அளவு. மூடிக் கணக்கில் கொடுத்திருந்தால் ஒரே வேளையில் ஐந்து மடங்கு உள்ளே போயிருக்கும். கொடுப்பதற்கு முன் கேட்க வந்தாரே என்று இன்றும் அவரை நன்றியோடு நினைக்கிறேன்.

அளவு மீறினால் பாதிக்கப்படுவது கல்லீரல். முதல் நாளில் வாந்தியும் சோர்வும் தவிர வேறெதுவும் தெரியாமலும் இருக்கலாம் என்பதால், குழந்தை நன்றாகத்தானே விளையாடுகிறது என்று காத்திருக்கக் கூடாது. இதற்கான மாற்று மருந்தான அசிட்டைல்சிஸ்டீனை எட்டு மணி நேரத்துக்குள் தொடங்கினால் பலன் மிக அதிகம். எனவே அளவு தவறியது தெரிந்த உடனே, பாட்டிலையும் கையில் எடுத்துக்கொண்டு, எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனைக்கோ அருகிலுள்ள பெரிய மருத்துவமனைக்கோ சென்றுவிட வேண்டும்.

சளி சிரப்புகள் பலவற்றிலும் பாராசிட்டமால் கலந்திருப்பதால், காய்ச்சல் மருந்தோடு அதையும் கொடுத்தால் கணக்கு இரட்டிப்பாகிவிடும். இபுப்ரோஃபென் அல்லது மெஃபெனாமிக் அமிலம் சேர்ந்த மருந்துகளை டெங்கு சந்தேகம் உள்ள காலத்தில் கேட்டு வாங்கவே கூடாது. ரத்தக்கசிவை அவை கூட்டும். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு எந்தக் காய்ச்சல் மருந்தையும் மருத்துவரைப் பார்க்காமல் கொடுக்கக் கூடாது.

அமெரிக்காவில் இதே குழப்பத்தால் குழந்தைகள் பாதிக்கப்பட்டதை அடுத்து, 2011இல் உற்பத்தியாளர்கள் அடர்த்தி மிகுந்த டிராப்ஸைக் கைவிட்டு, குழந்தைகளுக்கான பாராசிட்டமால் திரவ மருந்து அனைத்தையும் 5 மில்லிக்கு 160 மில்லிகிராம் என்ற ஒரே அடர்த்திக்குக் கொண்டுவர முன்வந்தார்கள். நம் நாட்டிலும் அப்படி ஓர் அடர்த்தியை மட்டும் அனுமதிக்க ஒன்றிய அரசு முன்வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அதற்குக் காலம் பிடிக்கலாம். ஆனால் ஒவ்வொரு மருந்துக்கடையிலும் எடை பார்க்கும் கருவி வைப்பதற்கும், எடையைக் கேட்டு எத்தனை மில்லி என்பதைப் பாட்டில்மேலேயே தமிழில் எழுதிக் கொடுப்பதற்கும் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும். அங்கன்வாடியில் குழந்தையின் எடையைப் பதிந்துதான் வருகிறார்கள். அந்த எண்ணைப் பெற்றோர் கைப்பேசியில் குறித்துவைத்துக்கொண்டால் கடையில் தடுமாற வேண்டியதில்லை. எடைக்கு ஏற்ற அளவுப் பட்டியல் ஒன்றை, ஒவ்வொரு அடர்த்திக்கும் தனித்தனியாக, குழந்தைநல மருத்துவர் ஒருவரின் மேற்பார்வையில் தயாரித்துத் தங்கள் நாளிதழ் மழைக்காலத் தொடக்கத்தில் வெளியிட்டால், அதை வெட்டி எங்கள் கடைவாசலில் ஒட்டிவைக்கக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு மருந்தாளுநர்,
பெரம்பூர், சென்னை.